மேயரை ஃபிரிட்ஜில் வைக்கும் வாரம்

நவம்பர். ஐந்து மணிக்கே வாய்க்கால் கறுத்துவிடுகிறது.
க்ரோனிங்கன் ஆலைக்குச்
சர்க்கரைக்கிழங்கு லாரிகள் நாள் முழுதும் போகின்றன,
வளைவில் நம் வேலியோரம்
சேற்றையும் இரண்டு கிழங்கையும் சிந்திவிட்டு.
நீ பொறுக்கி வந்து
பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போடுகிறாய்.
ஆடு உன்னைத்தான் தன் சொந்தக்காரன் என்று நினைக்கிறது.

நேற்று முதல் உறைபனி.
டேலியாச் செடிகள் ஒரே இரவில்
வேகவைத்த கீரையாய்த் தொங்கின.
தண்டை வெட்டி, மண்ணை நெம்பிக்
கிழங்குகளை நான் தூக்க,
நீ துணித்துண்டில் பெயர் எழுதிக் கட்டினாய்.
பாதியில் பேனா உறைந்தது.
மீதிக்கு வெறும் நூல்தான்.
எது சிவப்பு, எது மஞ்சள் என்று
ஆகஸ்டில் அதுகளே சொல்லிக்கொள்ளட்டும்.

துலிப் விஷயம் வேறு.
வீட்ஸே, நூறு போதும் என்றேன்.
இருநூற்றைம்பது வாங்கி வந்தாய்.
தள்ளுபடியாம்.
மண்டியிட்டுக் குழி தோண்டினாய், ஒரு சாண் ஆழம்.
பன்னிரண்டு குழிக்கு ஒருமுறை
மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.
போன வருடம் முப்பதுக்கு ஒருமுறை.
எண்ணினேன் என்று உன்னிடம் சொல்லவில்லை.

கடுகு உன் பின்னாலேயே வந்தது.
பூனைக்கு நிறமும் அதுதான், பெயரும் அதுதான்.
கடுகு பெருத்தும் காரம் போகவில்லை.
நீ மூடிய குழியை மோந்து, திரும்பத் தோண்டி,
தன் காரியத்தை முடித்து,
உன்னைவிட நேர்த்தியாக மூடிவிட்டுப் போனது.
அந்த இடத்தில் எது பூத்தாலும்
அதற்கும் பங்குண்டு.

அப்புறம் மேயர்.
இருபத்தாறு வருடமாய் நம்மோடு இருக்கும் ஆமை.
கழுத்தை நீட்டி, எதையும்
அவசரமில்லாமல் மறுப்பதால்
உன் அக்கா ஹில்யே வைத்த பெயர்.
மூன்று வாரமாய்ப் பட்டினி,
தினம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல்.
குடல் காலியாகாமல் உறங்கப் போனால்
எழுந்திருக்க மாட்டார்.
உன் பீர் பாட்டில்களை வெளியேற்றிப்
பின்னறை ஃபிரிட்ஜில் அவருக்கு இடம்:
ஐந்து டிகிரி, துளைபோட்ட பெட்டி, காய்ந்த பீச் இலை.

சமையல் தராசில் தூக்கி வைத்தேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
நோட்டில் எழுதினேன், போன வருடத்துக்குக் கீழே.
பதினெட்டு கிராம் கூடுதல்.
"வீட்டில் ஒருத்தராவது தேறினாரே" என்றாய்.
பெல்ட்டில் நீ ஆணியால் போட்ட புது ஓட்டை
ஸ்வெட்டருக்குக் கீழே இருக்கிறது.
அதற்கு இந்த நோட்டில் பத்தி இல்லை.
வெள்ளிக்கிழமை, மருத்துவமனையில்,
அவர்களுடைய நோட்டு வேறு.

இந்த ஆமை இன்னும் ஐம்பது வருடம் இருக்கும்.
யாருக்கு எழுதிவைப்பது என்று
பட்டாணி சூப் ஆறும்வரை பேசினோம்.
அக்கா மகன் வேண்டாம், அவனிடம் நாய் இருக்கிறது.
பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு என்றால்
ஆடு கோபித்துக்கொள்ளும் என்றாய்.
சிரித்தாய். இருமினாய்.
சிரித்ததால்தான் இருமல் என்றாய்.

தினம் ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்து
காற்று மாற்ற வேண்டும்.
அது என் வேலை, படுக்கப் போகுமுன்.
விளக்கு எரிகிறது. பெட்டிக்குள் ஒரு கல்.
மூக்கருகே விரல் வைத்தாலும் எதுவும் தெரியாது.
முன்காலைத் தொட்டால்
சில சமயம், ரொம்ப நேரம் கழித்து,
உள்ளே இழுத்துக்கொள்வார்.

பக்கத்துக் கொக்கியில் உன் கோட்டு.
பையில் ஏதோ முழங்கையில் இடிக்கிறது:
நடாமல் விட்ட மூன்று துலிப் கிழங்கு.
தோலுரிந்து, ஒன்றில் முளை எட்டிப் பார்க்கிறது.
மறந்தாயா,
குனிய முடியாமல் ஒளித்தாயா?

"யான்டீன், காலை இழுத்தாரா?"
மாடியிலிருந்து கேட்கிறாய்.
"இழுத்தார்."
பொய். இன்னும் இல்லை.
"கடுகை என் தலையணையில் ஏற விடாதே"
என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு,
குதிகால் சில்லிட,
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.