நாலு மணிப் பொத்தான்

வருடக் கடைசி போனஸில்
துவைக்கும் இயந்திரம் வாங்குவதாகத்தான் பேச்சு.
போகுமிவ் ஒரு கைக்கடிகாரத்தோடு வந்தான்.
க்ரோனோகிராப் என்றான்,
பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பவனைப் போல.

ஒரு முகத்துக்குள் மூன்று குட்டி முகங்கள்.
வலது விலாவில், திருகிக்கு மேலும் கீழும்,
இரண்டு மணிக்கு ஒரு பொத்தான், நாலு மணிக்கு ஒன்று.
மேலதை அமுக்கினால் நீள முள் ஓடும்,
மறுபடி அமுக்கினால் நிற்கும்.
கீழதை அமுக்கினால்
எதுவுமே நடக்காதது போல உச்சிக்குப் போய்விடும்.

எதற்கு இது?
நேரத்தை அளக்க.
மற்ற கடிகாரமெல்லாம் என்ன, மாவா அளக்கிறது?

விளிம்பைச் சுற்றி வேகம் பார்க்கும் எண்கள் வேறு,
பந்தயக்காரர்களுக்கு.
அவன் ஓட்டுவது க்டினியா நகரத்து டிராலிபஸ்.
தலைக்கு மேலே இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற வண்டி
யாரை முந்தும்?

செலவை நியாயப்படுத்தப் படாத பாடு பட்டான்.
முட்டைக்கு ஆறரை நிமிடம்.
கடைசி நிறுத்தத்து ஓய்வில்
சிகரெட்டுக்கு நாலு, மிச்சம் கண்ணை மூட.
ஷ்செசினிலிருந்து என் அக்கா பேசி முடித்தால்
போன ஞாயிறைவிட மூன்று நிமிடம் கூட என்பான்.
கீழ்வீட்டு ஒலேஷ்கோவின் நாய்
விடாமல் குரைத்தது பதினேழு நிமிடம்.
இறங்கிப்போய் முள்ளைக் காட்டினான்.
என் கடிகாரத்தில் பன்னிரண்டுதான் என்று
கதவைச் சாத்தினார் ஒலேஷ்கோ.
பியரோகி மிதந்ததும் எடுக்க வேண்டும்
என்பது என் கண்ணுக்குத் தெரியும்.
அவனுக்கு அதையும் முள் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி. செவ்வாய்க்கிழமை. பீட்ரூட் சூப்.
யாக்னாவின் கரண்டி தட்டில் விழுந்தது.
அதட்ட வாயைத் திறந்தேன்.
அவள் கண்கள் மேலே செருகியிருந்தன.

நான் கத்திய கத்தலுக்கு நடுவில்
டிக் என்றது.
இரண்டு மணிப் பொத்தான்.
அந்த நொடி அவனை வெறுத்தேன்,
உள்ளதைச் சொல்கிறேன்.

நாற்காலிகளை ஒதுக்கினான்.
உதறுகிற பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தினான்.
தலைக்கடியில் சீருடைத் தொப்பி.
வாயில் எதுவும் வைக்காதே என்றான்.
ஓட்டுநர் வகுப்பில் கற்றதாம், எனக்கெப்படித் தெரியும்.
அவள் நெற்றியருகே அவன் மணிக்கட்டு.
அதில் மட்டும் நடுக்கமில்லை.

ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள்,
எவ்வளவு நேரம்?
அரை மணி என்றேன், சத்தியமாக.
இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி என்றான்.
அவள் அவனுடையதை எழுதிக்கொண்டாள்.

மூன்று நாள் அந்த முள்ளை அவன் திருப்பவில்லை.
நாற்பத்தொன்றில் நிற்கிற முள்ளோடு
நகரமெல்லாம் வண்டி ஓட்டினான்.
முட்டையை நான் வேகவைத்தேன்,
கல்லாகப் போயிற்று.

இப்போது உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒரு நோட்டு.
தேதி, நிமிடம், வினாடி.
மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும்
அதைப் புரட்டித்தான்.
மயக்கம் தெளிந்ததும் யாக்னா கேட்பது தண்ணீரல்ல,
எவ்வளவு?
நாற்பத்தெட்டு வினாடி.
குறைந்திருக்கிறது என்பாள்,
கோட்டைத் தொட்ட ஓட்டக்காரியின் பெருமையோடு.
கீழ்ப் பொத்தான் அவளுடையது.
வேறு யாரும் தொடக் கூடாது.

துவைக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை.
காசு போட்டுத் துவைக்கும் கடையில் முப்பத்தெட்டு நிமிடச் சுற்று.
போன சனிக்கிழமை கடிகாரத்தைக் கேட்டு வாங்கிப்போனேன்.
என் மணிக்கட்டில் அது வளையல் போல் உருண்டது.
ஓட விட்டவள் நிறுத்த மறந்துபோனேன்.

இரவு பார்க்கிறான், ஆறு மணி நேரம் பத்து நிமிடம்.
இதுவரை வேலையற்றிருந்த மூன்றாவது குட்டி முகமும்
நகர்ந்திருக்கிறது.
இவ்வளவு நேரம் எதை அளந்தாய்?

யோசித்துப் பார்த்தேன்.
துணி காய்ந்தது. பிள்ளை படம் வரைந்தாள்.
நாய்கூடக் குரைக்கவில்லை.
நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

யாக்னா மேசைக்கு மேலாக எட்டி
கட்டைவிரலை நீட்டினாள்.
இரு, என்றேன்,
கொஞ்சம் ஓடட்டும்.