நகம் பதியும் நேரம்

பகலில் பூசக்கூடாது.
வெயில் ஏற ஏற மரம் மூச்சு விடும்,
அது பூச்சுக்குள் குமிழியாய் நின்றுபோகும்.
கன்னங்குறிச்சியில் சித்திரை மாதம்
ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான்
தகரக்கூரை சடசடவென்று சூடு இறக்கும்.
அப்போது மரம் மூச்சை உள்ளே இழுக்கும்,
பசையும் கூடவே போகும்.

முன்னேயென்றால் இதற்கு மாதேஸ் சிரித்திருப்பான்.
இப்போது கையுறையை மாட்டிக்கொண்டு
மூக்குப் பக்கம் போய் நின்றான்.
நான் வால் பக்கம்.
நடுவில் பதினாலு அடிப் படகு கவிழ்ந்து கிடந்தது,
செவ்வாய்ப்பேட்டைச் செம்புக்கம்பியில் தைத்து
தையல் பிரித்த ஓட்டைகளோடு.

கண்ணாடித்துணி விரிக்க ரெண்டு ஆள் வேணும்.
அதுக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று
போனிலேயே சொல்லியிருந்தேன்.
அயோத்தியாப்பட்டணத்துக் காட்டைப் பற்றி
அவன் எடுக்கவில்லை.
நானும்.

மருந்துக்கடையில் பதினெட்டு வருஷம்.
மில்லிக் கணக்கில் எனக்குக் கை நடுங்காது.
டப்பாவைத் திருப்பி அவன்தான் படித்தான்:
"ரெசின் ரெண்டு, ஹார்டனர் ஒண்ணு."
படித்த பிறகுதான் காதில் விழுந்தது போல.
அவனுக்கு ரெண்டு, எனக்கு ஒன்று.
அப்படித்தான் அளந்து கல் நட்டார்கள்.

டப்பாவைக் கீழே வைத்தான்.
நானும் பேசாமல் நின்றேன்.
அதற்குள் கலக்கி வைத்த டம்ளர் சூடேறி
புகைய ஆரம்பித்துவிட்டது.
குவித்து வைத்தால் கொதிக்கும் சரக்கு அது.
தூக்கிக்கொண்டு ஓடி
வாசல் மணலில் கவிழ்த்தான்.
"சுட்டுதா?"
"இல்ல."
சுட்டிருக்கும்.

அடுத்ததைக் கலக்கியவுடனே
தாம்பாளத்தில் பரப்பினேன்.
இழுத்துவிட எனக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு,
அவன் பர்ஸிலிருந்து ஏதோ ஜவுளிக்கடை அட்டை.
முதுகெலும்பிலிருந்து ஓரத்துக்கு,
அழுத்தாமல்,
நடுவில் சேர்ந்து கொண்டோம், விலகினோம்.

வெள்ளைத்துணி
நனைந்த இடத்திலெல்லாம் காணாமல் போனது.
அடியிலிருந்து மரத்தின் வரி எழுந்து வந்தது
ஊறவைத்த புளியங்கொட்டை நிறத்தில்.

"எங்க விடப்போற இத?"
"மூக்கனேரில."
"உனக்குத்தான் நீச்சல் தெரியாதே."
"பின்ன படகு எதுக்கு?"

உதட்டைக் கடித்துக்கொண்டான்.
சிரிப்பை அடக்கத்தான் என்று
நானாக வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு விட்டில் வந்து விழுந்தது.
ஊசிமுனையால் எடுத்தான். உடம்பு வந்தது,
இறக்கை ஒன்று வரவில்லை.
நோண்ட நோண்ட இழை பிரியும்.
விடு என்றேன்.
அது இனி அங்கேதான்.

வாசலில் உட்கார்ந்து டீ குடித்தோம்.
ஏற்காட்டு மலையில் ஒற்றை வண்டி
வளைவுக்கு வளைவு அணைந்து அணைந்து இறங்கியது.
ரெண்டாவது பூச்சு எப்போ என்று கேட்டான்.
ஈரம் போயிருக்கணும், ஆனால் நகம் பதியணும்.
அந்த நேரத்தில் பூசினால்
ஒன்றோடொன்று தானாகப் பிடித்துக்கொள்ளும்.
விட்டுவிட்டால் கல்லு.
அப்புறம் உப்புத்தாள் போட்டு
மேலெல்லாம் கீறிவிட்டுத்தான் அடுத்தது.
"கீறினாலும் ஒட்டும்ல?"
"ஒட்டும். வேலை ஜாஸ்தி."

நாலேகாலுக்கு எழுந்து முகம் கழுவினான்.
தர்மபுரி பஸ்ஸுக்குப் போகணுமாம்.
கழற்றிய கையுறையை
உதறி, சுருட்டி,
குப்பையில் போடாமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான்.

ஆறு மணி.
மரம் மூடிக்கொண்டுவிட்டது,
இனி வெயில் வந்தாலும் குமிழி வராது.
போன் அதிர்ந்தது.
"காஞ்சுதா?"

வால் பக்கம் யாருக்கும் தெரியாத இடத்தில்
கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன்.
பிறை மாதிரி ஒரு தடம்.

"இன்னும் நகம் பதியுது" என்று அனுப்பினேன்.
பஸ் தொப்பூர் தாண்டிவிட்டதா என்று கேட்கவில்லை.
கலக்குகிற குச்சியைத் துடைத்து வைத்தேன்.
இந்தச் சூட்டுக்கு
இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்.