ஒட்டுத்தாள்

முதலாளி ஒரம்பரை வீட்டுக்குப் போன ராத்திரியாகப் பார்த்து
ஆரம்பித்தேன்.
திருச்செங்கோடு, வேலூர் ரோடு,
டயர் கடைக்கு மேல்மாடியில் ரிக் வண்டி ஆபீஸ்.
வண்டி மூன்று: ஒன்று ராய்ச்சூரில், ஒன்று சிந்த்வாராவில்,
ஒன்று கீழே செட்டில், கம்பரசர் பிரித்துப் போட்டபடி.

கம்ப்யூட்டருக்கு வயது பதினொன்று.
காசு வாங்கும் சிஸ்டங்கள் அதன்மேல் ஏற மறுத்த வருசம்
யாரோ லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்களாம்.
விலை இல்லை என்பதால் முதலாளிக்குப் பிடித்தது,
விலை இல்லை என்பதால் நம்பிக்கையும் இல்லை.
"ஓசில வந்தது, என்னைக்கு நிக்குமோ" என்பார்,
ஆறு வருசமாக.

நான் கேட்டது திரையை மட்டும்தான்.
பழைய பிளாஸ்மாவை எடுத்துவிட்டுப் புதிது.
ஒற்றைப் பேரைத் தட்டினேன்.
கலியாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால்
வேன் பிடித்து வந்து இறங்குவார்களே, அப்படி
ஆயிரத்து நூற்று எண்பத்தேழு பொதிகள்
வாசலில் வந்து நின்றன.
சம்மதமா என்று கேட்டது.
ஆம் என்பதற்கு ஓர் எழுத்து போதும்.
அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு
டீயைக் குடித்து முடித்தேன்.

வரிகள் மேலே ஓடின.
போர் போடும்போது முதலில் செம்மண் வரும்,
பிறகு மக்கின பாறை,
பிறகு வெறும் வெள்ளைப் புகை.
எந்த அடியில் என்ன என்று
ரிக்கில் நிற்பவனுக்கும் தெரியாது.
பாதிக் குழியில் பிட்டை விட்டுவிட்டு
வீட்டுக்குப் போகவும் முடியாது.

பதினொன்றே முக்காலுக்கு ராய்ச்சூரிலிருந்து குப்பண்ணன்:
"நானூத்தி எம்பதடிங். பொகைதான். எறக்கட்டுங்களா?"
முதலாளியைக் கேளுங்கள் என்றேன்.
"எடுக்க மாட்டீங்கிறாரு."
அதே நேரம் பார்த்து
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோனது.
ரெண்டு எழுத்துருப் பொதிகள்
ஒரே கோப்புக்கு அடித்துக்கொள்கின்றன.
பாதி பழசு, பாதி புதுசு, ஒரே உடம்பில்.
ஜன்னலில் மலைக்கோயில் விளக்குகள்.
இந்த ஊருக்கு அது ஒன்றும் புதிதில்லை
என்று சொல்லிக்கொண்டு
சண்டைக்காரர்களில் ஒருவரை வெளியே அனுப்பினேன்.
"எறக்குங்க" என்று குப்பண்ணனுக்கும்
நானே சொல்லிவிட்டேன்.

ரெண்டரை மணிக்கு மறுபடி தொடக்கம்.
கருப்பு.
அம்புக்குறி மட்டும்,
கிணற்றில் விழுந்த காக்கை இறகு மாதிரி.
எண்ணிக்கொண்டே இருந்தேன், நூற்றுப்பத்தில்
திரை வந்தது.
கடிகாரம் இடம் மாறி, பட்டைகள் மிதந்து,
நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்:
இந்தத் துணுக்கு இந்தப் பதிப்புக்கு ஒத்துவராது.

நாலு வருசமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.
டீசல் கணக்கு எப்போதும் முழுத்திரையில்.
அதற்குப் பின்னால்
ஓர் ஒட்டுத்தாள் இருந்ததே தெரியாது.
புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புறைக்குள் போனேன்.
வெறும் எழுத்தாக இருந்தது, பூட்டு இல்லை, சாவி இல்லை:

வைகாசி பாக்கி 4000
ஆனி முழுசும்
ஆடி நோம்பிக்குத் தர்றேன்னாரு
தாரணி

தாரணியை நான் பார்த்ததில்லை.
பழைய ரசீதுகளின் கையெழுத்து,
நாற்காலிக் கைப்பிடியில் சுற்றிய டேப்,
அவ்வளவுதான் தெரியும்.

புதுத் திரையில் புது ஒட்டுத்தாள் ஒன்று வைத்தேன்.
அவள் எழுதியதை அப்படியே ஒட்டினேன்.
கீழே ஒரு வரி, என் ரெண்டு மாசம்.
எழுத்தின் அளவு இருபத்தெட்டு.

காலையில் முதலாளி வந்தார், மைசூர்பாகு டப்பாவோடு.
"ஏம்மிணி, எல்லாமே மாறிப்போச்சாட்ட இருக்குது?
கடியாரம் அக்கட்ட போயிருச்சு."
கிட்டே வந்தார். கண்ணாடியைத் தேடினார்.
தேவைப்படவில்லை.

கொஞ்ச நேரம்
கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம் மட்டும்.

"இதுவும் புதுசா வந்ததா?"

"இல்லீங்க. கீழ இருந்ததுங்க.
மேல வந்திருக்குது."