சஹா

பைசாந்தூ நகரத்து இனிப்புக் கடையின் பின்கட்டில்
ஓதிலியாவுக்கு உடைக்கிற வேலை.
முட்டை வெள்ளையை அடித்து நுரைக்க வேறு ஆள்,
பாகில் ஊறிய பீச் பழத்தை அரிய வேறு ஆள்.
இரவெல்லாம் இளஞ்சூட்டில் காய்ந்த மெரிங்கை
இவள் விரலிடுக்கில் நொறுக்கி
கேக்கின் விலாவெங்கும் ஒட்டுவாள்.
மாலைக்குள் புருவமும் வெள்ளை.

கேக்கின் பெயர் சஹா.
சதுப்பில் நிற்கும் பறவையின் பெயர்.
வான்கோழி அளவு உடம்பு.
சுட்டவன் நாவூறக் குனிந்து தூக்கினால்
கை ஏமாந்து மேலே போகும்.
மைத்துனன் ஒருமுறை கொண்டுவந்தான்.
இரண்டு வாளி இறகு, ஒரு பிடி கறி.
தோலை அழுத்தினால் பொரபொரத்தது,
அடியில் முழுக்கக் காற்று.
"எல்லாம் நுரை" என்று துப்பினான்.
அந்தச் சத்தம் அவள் விரல்களுக்குத் தெரியும்.
சம்பளத்துக்கு எட்டு மணி நேரம் கேட்பது.

பெயரின் கதை அவ்வளவுதான் என்றிருந்தாள்.

ஜூலைக் குளிரில் ஒரு வியாழக்கிழமை
கடைசி கேக்கைக் கேட்டு வந்தான்
மணல் படகின் சமையல்காரன் தியோதோசியோ, பராகுவேக்காரன்.
சில்லறையை எண்ணியபடியே சொன்னான்:
அந்தப் பறவை தன் பேரைத் தானே கத்துகிறது.
எங்கள் குவாரனி காதுக்கு அது ஒரு சொல்.
போவோம்.

"வாமோஸ்" என்றாள் தன் ஸ்பானிய மொழியில்.

"இல்லை. உங்கள் வாமோஸில்
யார் உள்ளே, யார் வெளியே, தெரியாது.
எங்களுக்கு நாம் வேறு, நாங்கள் வேறு.
பறவை சொல்வது நாம்.
கேட்டவளும் கிளம்ப வேண்டும்."

மூன்று வருடம் முன்பு
கதவில் சாய்ந்து நின்று எல்பியோ சொன்னான், வாமோஸ்.
பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினாள்.
கம்பளிச் சட்டைகளை மடித்து அடுக்கினாள்.
அடுப்பை அணைத்தாள், பாதி வெந்த பீன்ஸோடு.
தெருவில் லாரி உறுமி நகர்ந்தது.
அவனும் லாரிக்காரனும்
பாலம் தாண்டி அர்ஜென்டினா போய்விட்டார்கள்.

பொய் சொல்லவில்லை அவன்.
நாங்கள் என்றிருக்கிறான்.
இவள் காதில் நாம் என்று விழுந்திருக்கிறது.

அட்டைப் பெட்டியில் கேக்கை வைத்து
நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள்.
மேசையில் சிதறிய துகளை நாக்கில் வைத்தாள்.
இனிப்பதற்குள் கரைந்தது.

இரவு, கட்டிலுக்கடியிலிருந்து நீலப் பெட்டியை இழுத்தாள்.
மடிப்புக் கலையாத கம்பளிகள்.
ஒன்றை உதறிப் போட்டுக்கொண்டாள்,
வெளியே குளிர், அதற்காகத்தான்.
ஆற்றுப் பக்கம் இருட்டில்
ஒன்று கத்தியது, இன்னொன்று பதில் கத்தியது.

"நாளைக்கு வேலை இருக்கிறது" என்றாள்
ஜன்னலைச் சாத்தாமல்.