பிடிமானம்

வாலிநோக்கத்தில் சீனி ஆசியா வீட்டு சன்ஷேடை
இன்று உடைத்தோம்.
சுத்தியல் ஓங்குமுன்பே உதிர்ந்தது,
கோடை முடிந்த உப்பளத்து வரப்பாக.

உள்ளே கம்பி இல்லை.
செந்தூள்.
அது படுத்திருந்த குழி மட்டும் அப்படியே:
சாய்ந்த வரி, அடுத்த வரி, அடுத்தது,
ஒரு முறுக்கு விடாமல் பதிந்து.
அல்லாவே என்றார் காதர் கனி.
எட்டு எம்எம், ஆறங்குல இடைவெளி,
கட்டினவன் கை சுத்தம்
என்றேன் நான்.

பசையாய் ஒட்டுகிறது என்றுதான் நினைக்கிறார்கள்.
பசை கொஞ்சம்தான். முதல் இழுப்பில் விட்டுவிடும்.
பிறகு உரசல் தாங்கும்.
அதுவும் தளர்ந்தால் பல்:
கம்பியின் ஒவ்வொரு புடைப்பும்
கல்லுக்குள் தனக்கொரு படி கண்டு
மிதித்து நிற்கும்.
எண்ணெய் பட்ட கம்பியை ஒருமுறை திருப்பி அனுப்பினேன்.
நீ என்ன இஞ்சினியரா என்றார் மேஸ்திரி.
இல்லை. வழுக்கும் என்று தெரியும்.

வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நீளும்,
விடியலில் ஒரே அளவு சுருங்கும்.
யாரும் பேசி முடித்த சம்பந்தமில்லை இது.
நானும் என் வீட்டுக்காரரும் அப்படியில்லை.

தொண்ணூற்று மூன்றில் தண்ணீர் லாரி வரவில்லையாம்.
கொத்தனார் உவர்க்கிணற்றில் இறைத்தாராம்.
சிமெண்டின் காரம்
கம்பிக்கு ஒரு மெல்லிய சட்டை போட்டுவிடும்;
உப்பு அதில் ஊசித்துளை போடும்.
துரு இரும்பைவிடப் பருமன்.
படுத்த இடத்திலேயே பெருத்து,
இறுகப் பிடித்திருந்ததையே
உள்ளிருந்து பிளந்தது.
மேலே பழுப்பாய்க் கசிந்ததை
மழைக்கறை என்று
நோன்புக்கு நோன்பு வெள்ளையடித்தாள் ஆசியா.

இப்போது வாசலில் நின்று தூளைப் பார்க்கிறாள்.
"இது மூணு வருசத்துத் தம்மாம் சம்பளம்."
கூட்டித் தள்ளிவிடவா என்றேன்.
பதில் சொல்லாமல் டீ வைக்கப் போனாள்.

புதுக்கம்பியை வளைத்தேன்.
சுவருக்குள் போகும் முனையை
அவர் சொன்னதைவிட ஒரு சாண் கூட விட்டேன்,
கொக்கி போட்டேன்.
அடியில் கவர் பிளாக் வைத்தேன்:
கம்பிக்கும் கடற்காற்றுக்கும் நடுவே
இரண்டு விரற்கடை,
அவ்வளவுதான் நம்மால் ஆனது.

நாலு மணிக்கு சிக்கல் பக்கமிருந்து லாரி வந்தது.
குழாயடியில் கை ஏந்தி
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
தாகமா அக்கா என்றான் டிரைவர்.
துப்பிவிட்டு
இன்னொரு வாய் பிடித்தேன்.