நீலம் எண்ணுதல்

மிக்ரோஸ் கடையில் ஐந்து ஃபிராங்க் எண்பதுக்கு
ஒரு தொட்டி வாங்கினேன்.
சீட்டில் மடகாஸ்கர் என்று போட்டிருந்தது.
பட்டிப்பூ, என்றேன் ட்ராமில், எனக்கு மட்டும் கேட்க.
நித்தியகல்யாணி.
சுடுகாட்டுமல்லி.
பேர் வைத்தவர்கள் எல்லாரும்
ஒரே செடியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் அது செடியில்லை.
மைனஸ் இருபதில் கிடக்கும் வெள்ளைத்தூள்,
என் நகக்கண் அளவுகூட வராது.
கொல்லும் அளவில் பத்தில் ஒரு பங்கு
கலந்து வைத்தேன் திங்கட்கிழமை.
தட்டின் அடியில் நுரையீரல் செல்கள்.
யாருடைய நுரையீரல்? புட்டியில் ஓர் எண் இருக்கிறது.
ஆள் போய் ஐம்பது வருடம்,
கட்டிக்கு மட்டும் என்றும் பதினாறு.
மார்க்கண்டேயனுக்காவது
கட்டிக்கொள்ள ஒரு லிங்கம் வேண்டியிருந்தது.
இவற்றுக்குக் கொஞ்சம் சர்க்கரை, கன்றின் சீரம்,
முப்பத்தேழு டிகிரி.

வெள்ளிக்குள் நின்றுவிட்டன.
சாகவில்லை.
இரண்டாய்ப் பிரித்திழுக்கும் கயிறு திரளாமல்
பிரியப் போய்ப் பிரியாமல்
கல்லில் ஊற்றிய ஊத்தப்பம் போலப் பரந்து
உட்கார்ந்திருந்தன.
சாயம் ஊற்றி ஓர் இரவு வைத்தால்
மூப்பு வந்தவை மட்டும் நீலமாகும்.

நூற்றுக்கு அறுபத்தெட்டு.
றெகுலா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
அழகு என்றாள், பாசல் ஜெர்மனில்.
அழகுதான்.
வலது ஓரத்தைப் பார், என்றேன்.
அங்கே நீலங்கள் வேலையை விட்டனவே தவிர
வாயை விடவில்லை.
எதையோ கசிந்துகொண்டே இருந்திருக்கின்றன;
பக்கத்தில் சாயம் பிடிக்காதவை
அதைக் குடித்து
முன்னைவிட நெருக்கியடித்துப் பெருகியிருந்தன.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றினாள்.

மறுபடி எண்ணினேன்,
ஓரத்தைச் சேர்த்து ஒருமுறை, விட்டு ஒருமுறை.
இரண்டு எண்ணையும் எழுதி வைத்தேன்.
முதியவற்றை அள்ளிப்போக இன்னொரு மருந்து
மூன்றாம் மாடியில் யாரோ செய்கிறார்கள்,
எலிகளில், இன்னும் எலிகளில்தான்.
எதிர்த்த கட்டடம் மருத்துவமனை.
ஐந்தாவது வரிசையில் ஒரு ஜன்னல்
நான் எண்ணி முடிக்கும்வரை அணையவில்லை.

ரைன் கரையில் மூடுபனி. பதினோராம் நம்பர் ட்ராம்
ஏழு நிமிடம் தாமதம்.
வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது,
தொட்டி பால்கனியிலேயே நிற்கிறது, அக்டோபர்,
வெளியே இரண்டு டிகிரி.
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
இலைகள் தொங்கியிருந்தன.
நுனியில் ஒரு மொட்டு, குடை மடக்கியது போல் முறுகி,
விரிகிற மாதிரியும் இல்லை
உதிர்கிற மாதிரியும் இல்லை.
உள்ளே கொண்டுவந்து
ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மிகப் பக்கத்தில் அல்ல.