டன்னுக்கு இருநூற்று நாற்பது கிராம்

மூட்டையைப் பிரித்தால் ரவை மாதிரி இருக்கும்.
உப்புமா கிண்டிவிடலாம் மேடம் என்று
ஷிப்டுக்கு ஒருமுறை சொல்வார் மைதீன்பிச்சை.
ஒரேயடியாய்த் தண்ணீரில் கொட்டினால் போச்சு,
வெளியே நனைந்து உள்ளே நனையாமல்
மீன்கண்ணாய் முழித்துக்கொண்டு கிடக்கும்.
காகிதத்தில் ஏறினால் அங்கேயும் முழிக்கும்.
எள் விதைக்கிற மாதிரி விரலிடுக்கில் உதிர்த்து
ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்,
தொட்டி மூக்குச்சளிப் பதத்துக்கு வரும்வரை.
(வேறு உவமை தேடிப் பார்த்தேன். இல்லை.)

சேரன்மகாதேவி தாண்டி
முக்கூடல் சாலையில் எங்கள் ஆலை.
பல்பரில் விழுகிறவை:
பாளையங்கோட்டையில் திருத்தி முடித்த விடைத்தாள்கள்,
ஆறு மாதம் முந்திய கல்யாணப் பத்திரிகைகள்,
மூடிப்போன பீடிக் கம்பெனியின் லேபிள் கட்டுகள்.
தேர்வும் தாலியும் புகையும்
இருபது நிமிடத்தில் ஒரே சாம்பல் கஞ்சி.

கஞ்சியில் எல்லா நாருக்கும் ஒரே மின்சுமை.
ஒரே குணமுள்ள இரண்டுபேர் ஒரு வீட்டில் இருப்பதுபோல்
தள்ளிக்கொண்டே இருக்கும்.
நீள நார் கம்பிவலையில் தங்கிவிடும்.
பொடிநாரும் சுண்ணாம்பும்
வலைக்கண் வழியே தண்ணீரோடு நழுவும்.
படிகாரமும் மரவள்ளி மாவும் போட்டுச் சலித்த ஆலை.
நூறு கிலோ ஏற்றினால் அறுபத்தெட்டு தங்கும்,
மீதி சுற்றிச் சுற்றி வந்து
ஒரு பங்கு தப்பித்துப்
பின்பக்கக் குட்டையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ரவையைத் தொடங்கினேன்.
நூறு கிராமில் ஒன்றுமில்லை.
நூற்றெண்பதில் வலைமேல் ஈரக்கோடு
ஒரு முழம் பின்வாங்கியது.
முந்நூற்றில் தாளை விளக்கில் பிடித்தால்
ஐப்பசி வானம், திட்டுத்திட்டாக.
இருநூற்று நாற்பதில் நிறுத்தினேன்.
எண்பத்தாறு தங்கியது.
வேகம் நூற்றெழுபது மீட்டரிலிருந்து
நூற்றுத்தொண்ணூற்றைந்து.
பாய்லர் விறகு குறைந்தது. தாள் அறுவது குறைந்தது.
மேனேஜர் ஆறுமுகநயினார்
முந்திரிக்கொத்து வாங்கிவரச் சொன்னார், எல்லோருக்கும்.

பதினோராம் நாள்
லாப் வாசலில் ஒரு வாளியோடு வண்டிமலைச்சி.
குட்டை அவள் குத்தகை, வருஷம் பதினெட்டாயிரம்.
சேற்றுநாரை வாரிக் காயவைத்து
சிவகாசி அட்டைக்காரர்களுக்குப் போடுகிறவள்.
லோடு ஆட்டோவுக்கு இன்னும் ஒன்பது தவணை.

"என்னத்தப் போட்டிய மேடம்?
முன்னெல்லாம் தயிராட்டம் நிக்கும்.
இப்ப கைய விட்டா ரேகை தெரியுது."

கை தானாகப் போனது.
வாளியில் பீக்கரை முக்கி
கலங்கல்மானியில் வைத்தேன்.
நாற்பது.
மாசியில் அறுநூறு காட்டிய தண்ணீர்.
சிரித்துவிட்டேன்,
அவள் முன்னாலேயே, பல் தெரிய.

அவளும் எட்டிப்பார்த்தாள் எண்ணை.
"நல்லதா இது?" என்றாள்.
"நல்லது" என்றேன்.
"யாருக்கு?" என்று அவள் கேட்கவில்லை,
மடியிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்தாள்.

ஆபீசில் நயினார் விரல் வைத்துக் காட்டினார்:
'குட்டையில் உள்ளது உள்ளபடி.'
"கீழ கையெழுத்து யாருது?"
அவளுடையதுதான், தமிழில், கோணலாய்.
நான் பழக்கதோஷத்தில்
அந்தத் தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
எங்கள் தாள்தான். போன வருஷத்தது.
பொடிநார் பிடிக்காமல் ஊசிக்கண் ஊசிக்கண்ணாய் வெளிச்சம்.

ராத்திரி ஷிப்டில் மைதீன்பிச்சை
பம்பின் திருகில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:
"ஒரு நாப்பது குறைச்சா யாருக்கு மேடம் தெரியும்?"
ஈரக்கோட்டைப் பார்த்தேன்.
அது இருக்கவேண்டிய இடத்தில்
அசையாமல் இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் திருகவில்லை.

வாளியை விட்டுவிட்டுப் போயிருந்தாள்.
விடியும்போது அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு.
வடிகட்டி, உலர்த்தி, நிறுத்தேன்.
அரை கிராம்.
பதிவேட்டைத் திறந்தேன்.
பேனாவோடு கொஞ்ச நேரம்
எந்தக் கட்டம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.